இத்தாலியின் சைக்கிள் பந்தயங்கள்: பாதையும் வீரரும்

ஜிரோ டி இத்தாலியாவைக் கடைசியாக வென்ற இத்தாலியர் விஞ்செஞ்சோ நிபாலி. ஆண்டு 2016. லொம்பார்டியா பந்தயத்தைக் கடைசியாக வென்ற இத்தாலியரும் அவரே, 2017-இல். மிலான்–சான் ரெமோவிலும் அதே பெயர்தான். 2018-இல் கடைசி மேட்டில் கூட்டத்தைப் பிய்த்துக்கொண்டு தனியாகக் கிளம்பி, துரத்தி வந்தவர்கள் முதுகைத் தொடும் தூரத்தில் இருக்கும்போதே கோட்டைக் கடந்தார். அதன் பிறகு 2025 முடிய இந்த மூன்று பந்தயங்களின் ஆண்கள் பட்டியலிலும் முதலிடத்தில் ஒரு இத்தாலியர்கூட இல்லை. சிசிலித் தீவின் மெசினாவில் பிறந்த ஒரே மனிதரோடு மூன்று பட்டியல்களும் நின்றுவிட்டன.

ஆனால் ரசிகர் கூட்டம் நிற்கவில்லை. மே மாதம் வந்தால் ஆல்ப்ஸ் மலைச் சாலைகளில் முந்தின இரவே வந்து கூடாரம் போட்டுப் படுக்கிறார்கள். இத்தாலிய மொழியில் ரசிகர்களுக்கு டிஃபோசி என்று பெயர். டைபஸ் காய்ச்சலிலிருந்து பிறந்த சொல் அது. கிரிக்கெட் காய்ச்சல் என்று சொல்லிப் பழகிய நமக்கு அதன் பொருள் உடனே விளங்கும். சொந்த நாட்டுப் பிள்ளை ஜெயிக்காத பந்தயத்துக்கு இந்தக் காய்ச்சல் ஏன் இறங்கவில்லை? இந்தப் பந்தயங்களைப் பெரிதாக்கியது யார்? நடத்தியவர்களா, ஓட்டியவர்களா, அவர்கள் ஓட்டிய சாலையா? நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றைப் புரட்டினால் மூன்றுக்கும் சான்று கிடைக்கிறது. என் முடிவு சாலையின் பக்கம். அந்தச் சாலையே இன்று வீரர்களை விழுங்குகிறது என்பது இதன் இன்னொரு பாதி.

நடத்தியவர்களிடமிருந்து தொடங்குவோம். லா கஸெட்டா டெல்லோ ஸ்போர்ட் 1896-இல் மிலானில் பிறந்த விளையாட்டு நாளிதழ். தொடக்கத்தில் பச்சைத் தாளில் வந்தது, 1899-இலிருந்து இளஞ்சிவப்புத் தாளில் வருகிறது. 1908 ஆகஸ்டில் அதன் ஆசிரியர் குழுவுக்கு ஒரு செய்தி எட்டியது: பெரிய போட்டியாளரான கொரியேரே டெல்லா சேரா நாளிதழ், பியாங்கி சைக்கிள் கம்பெனியோடு சேர்ந்து இத்தாலியைச் சுற்றிவரும் பந்தயம் ஒன்றுக்குத் திட்டமிடுகிறது. டுல்லோ மொர்காஞி என்ற பத்திரிகையாளர் ஊரில் இல்லாத தன் சகாக்களுக்குத் தந்தி அடித்து வரவழைத்தார். கையில் காசில்லை, வழித்தடம் போடவில்லை, அனுமதி வாங்கவில்லை. ஆனாலும் ஆகஸ்ட் 24-ஆம் தேதி இதழில் 'ஜிரோ டி இத்தாலியா' என்று அறிவித்துவிட்டார்கள். பணத்தைப் பிறகு திரட்டிக்கொண்டார்கள்.

1909 மே 13. அதிகாலை 2 மணி 53 நிமிடம். மிலானின் லொரேட்டோ சதுக்கத்திலிருந்து 127 பேர் கிளம்பினார்கள். முதல் நாள் பொலோனா வரை 397 கிலோமீட்டர். எட்டுக் கட்டங்களில் 2,448 கிலோமீட்டரை ஓட்டி முடித்து மிலான் திரும்பியவர்கள் 49 பேர். வென்றவர் லூயிஜி கன்னா, கொத்தனார் வேலை பார்த்தவர். அடிப்படையில் இது பத்திரிகை விற்கச் செய்த வேலை என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1931-இல் முதலிடத்தில் இருப்பவருக்கு இளஞ்சிவப்பு ஜெர்சி கொடுக்கத் தொடங்கியதும் அந்தத் தாளின் நிறத்தை நினைவூட்டத்தான். முதலில் அதை அணிந்தவர் லெயர்கோ குவெர்ரா. ஆனால் விற்பனைக்காகத் தொடங்கிய எத்தனையோ விழாக்கள் பத்து வருடத்தில் மறைந்திருக்கின்றன. பத்திரிகை இதைத் தொடங்கியதற்குக் காரணம் சொல்ல முடியும். நிலைத்ததற்குக் காரணத்தை வேறிடத்தில்தான் தேட வேண்டும்.

வீரர்களால் நிலைத்தது என்பது பலரும் சொல்லும் விடை. அதற்கு வலு உண்டு. 1925-க்கும் 1933-க்கும் இடையில் ஆல்ஃபிரெடோ பிண்டா ஐந்து ஜிரோக்களை வென்றார். 1927-இல் 15 கட்டங்களில் 12 அவருடையவை. இவர் ஓட்டினால் பந்தயத்தில் விறுவிறுப்பு இருக்காது என்று 1930-இல் வெற்றிப் பரிசுக்கு ஈடான 22,500 லிராவைக் கொடுத்து நடத்துபவர்களே அவரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். வீரர்தான் பந்தயம் என்றால் இப்படி நடந்திருக்குமா? மிகப் பெரிய வீரரை விலக்கிவைத்தும் ஜிரோ ஓடியது, ஜனங்கள் வந்தார்கள்.

1924 இன்னொரு சான்று. பணத் தகராறில் பெரிய குழுக்கள் விலகிவிட்டன. தனியாக வர விரும்புகிறவர் வரலாம் என்று கதவைத் திறந்தபோது, பட்டியலில் 'ஆல்ஃபோன்சின் ஸ்ட்ராடா' என்று ஒரு பெயர் இருந்தது. கடைசி எழுத்து விடுபட்டதால் ஆண் பெயர்போலத் தெரிந்தது. அவர் ஆல்ஃபோன்சினா ஸ்ட்ராடா, 33 வயதுப் பெண். 1917-இலேயே ஆண்களோடு லொம்பார்டியாவை ஓட்டி, வென்றவருக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் வந்து சேர்ந்தவர். ஜிரோவில் லாக்விலாவிலிருந்து பெருஜாவுக்குப் போகும் கட்டத்தில் மழையிலும் காற்றிலும் கீழே விழுந்து ஹேண்டில்பார் உடைந்தது. துடைப்பக் கட்டையை வைத்துக் கட்டி ஓட்டினார் என்பார்கள். நேர வரம்புக்குப் பிறகே பெருஜா வந்து சேர்ந்தார். விதிப்படி அவர் கதை அங்கே முடிந்தது. ஆனால் சாலையோரத்தில் அவரைப் பார்க்கக் கூட்டம் நின்றது. ஆகவே கணக்கில் சேராமல் தொடர்ந்து ஓட்ட அனுமதித்தார்கள். மிலான் வரை ஓட்டினார். கிளம்பிய 90 பேரில் முடித்தவர்கள் 30; அவர்களோடு அவரும் வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு அவரைச் சேர்க்க மறுத்துவிட்டார்கள். ஜிரோவின் நூறாண்டுக் கதையில் எனக்கு இதைவிட நெருக்கமான பக்கம் இல்லை.

வீரர்களின் பொற்காலம் என்றால் ஜினோ பார்த்தலியும் ஃபாவுஸ்டோ கோப்பியும்தான். பார்த்தலி ஃபிளாரன்சை அடுத்த பொன்டே அ எமாக்காரர், பக்திமான். கோப்பி பியெமோன்ட் பகுதியின் கஸ்தெல்லானியா என்ற சின்னஞ்சிறு மலையூரில் பிறந்தவர், ஐந்து வயது இளையவர். 1940-இல் பார்த்தலிக்கு உதவியாளாக வந்த கோப்பி, இருபது வயதில் ஜிரோவையே வென்றுவிட்டார். அப்புறம் போர். கோப்பி துனிசியாவில் ஆங்கிலேயரிடம் போர்க் கைதியானார். ஜெர்மானியர் பிடியில் இத்தாலி இருந்தபோது யூதர்களுக்கான போலி அடையாளத் தாள்களைச் சைக்கிள் சட்டக் குழாயில் ஒளித்துக் கொண்டுபோனவர் என்று பார்த்தலியை 2013-இல் இஸ்ரேலின் யாத் வஷெம் நிறுவனம் கௌரவித்தது. உயிரோடிருந்தவரை அதைப் பற்றி அவர் ஊரறியப் பேசியதில்லை.

போர் முடிந்து நாடு குடியரசாக வாக்களித்த அதே ஜூன் மாதத்தில், 1946-இல், ஜிரோ மறுபடி கிளம்பியது. பாலங்கள் இடிந்து கிடந்தன. ட்ரியெஸ்தே நகரம் அப்போது நேச நாடுகளின் ராணுவ நிர்வாகத்தில். அது யாருக்கு என்று இத்தாலிக்கும் யூகோஸ்லாவியாவுக்கும் வழக்கு. ஜிரோ அங்கே போயே தீருவது என்று முடிவாகியிருந்தது. வழியில் பியெரிஸ் என்ற இடத்தில் சாலையை மறித்துக் கல்லெறிந்தார்கள். பெரும்பாலோர் அங்கேயே நிறுத்திவிட்டார்கள். பதினேழு பேர் மட்டும் ராணுவ வண்டிகளில் நகரத்தின் பக்கம் கொண்டுபோகப்பட்டு மீதியை ஓட்டினார்கள். ஜெயித்தவர் ஜொர்தானோ கொத்தூர், ட்ரியெஸ்தேயிலேயே பிறந்தவர். விளையாட்டுப் பந்தயத்தின் வழித்தடம் ஒரு நாட்டின் எல்லைக்கோடாக மாறிய நாள் அது.

1949 ஜூன் 10, கூனியோவிலிருந்து பினெரோலோவுக்கு 254 கிலோமீட்டர். இடையில் ஐந்து கணவாய்கள்: மத்தலேனா, வார், இசுவார், மொன்ஜினேவ்ரோ, செஸ்ட்ரியேரே. முதல் கணவாயிலேயே கோப்பி விலகிப் போனார். மீதி 192 கிலோமீட்டரும் தனியாக. பினெரோலோவில் இரண்டாவதாக வந்த பார்த்தலி 11 நிமிடம் 52 விநாடி பின்தங்கியிருந்தார். அன்று நாவலாசிரியர் டினோ புஸ்ஸாட்டி கொரியேரே நாளிதழின் நிருபராகப் பந்தயத்தோடு போய்க்கொண்டிருந்தார். தோற்றுக்கொண்டிருந்த பார்த்தலியைத்தான் அவர் கண் தேடியது. மழையில் சேறு படிந்த அந்த முகத்தைப் பெருங்காப்பியத்தின் வீழும் வீரனோடு ஒப்பிட்டு எழுதினார்.

இதே காலத்தில் கடைசியாக வருகிறவருக்கும் ஒரு ஜெர்சி இருந்தது, கறுப்பு நிறத்தில். 1946 முதல் 1951 வரை. அதற்கும் பரிசு உண்டு என்பதால் லூயிஜி மலாப்ரோக்கா என்பவர் வைக்கோல் கொட்டகையில் ஒளிந்தும், வேண்டுமென்றே டயரைப் பஞ்சராக்கியும் கடைசி இடத்துக்குப் போராடினார். 1949-இல் சாந்தே கரொல்லோ என்ற இன்னொருவர் அவரைவிட மெதுவாக வந்து அதைத் தட்டிச் சென்றார். போர் முடிந்த வறுமையில் முதலிடத்துக்கு வழியில்லாதவருக்கு அந்தப் பணம் அடுப்பெரிய உதவியது.

ஆக, வீரர்கள் இந்தப் பந்தயங்களுக்குக் கதை கொடுத்தார்கள். ஆனால் 1950-இல் சுவிட்சர்லாந்தின் ஹூகோ கொப்லெட் ஜிரோவை வென்ற முதல் வெளிநாட்டவரானபோது ஜிரோ சிறுத்துவிடவில்லை. பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் ஐந்து ஜிரோக்களையும் ஏழு சான் ரெமோக்களையும் அள்ளிக்கொண்டு போனபோதும் அப்படித்தான். கதையின் நாயகன் மாறினாலும் கதை நடக்கும் இடம் மாறவில்லை. அந்த இடத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

மிலான்–சான் ரெமோ 1907-இல் தொடங்கியது. மார்ச் மாதம், வசந்தத்தின் வாசலில் நடப்பதால் லா பிரிமவேரா என்று செல்லப் பெயர். ஏறத்தாழ 290 கிலோமீட்டர். ஒரே நாளில் முடியும் தொழில்முறைப் பந்தயங்களில் இதைவிட நீளமானது கிடையாது. லொம்பார்டிச் சமவெளியின் பனிமூட்டத்தில் கிளம்பி, துர்கீனோ கணவாயைத் தாண்டினால் கடல் தெரியும். அங்கிருந்து கடலோரமாகவே மேற்கு நோக்கிப் போக வேண்டும். முதல் 250 கிலோமீட்டரில் பெரும்பாலும் ஒன்றுமே நடக்காது. டி.வி. பார்க்கிறவர் தூங்கி எழுந்து காபி போட்டுக்கொண்டு உட்காரலாம். பிறகு சிப்ரெஸ்ஸா மேடு, அதன் பிறகு போஜ்ஜோ.

போஜ்ஜோ மேட்டை முதல் தடவை படத்தில் பார்க்கிறவர்கள் ஏமாந்து போவார்கள். 3.7 கிலோமீட்டர்தான். சராசரிச் சரிவு நான்கு சதவீதம்கூட இல்லை. இருபுறமும் பூச்செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடாரங்கள், தாழ்ந்த கல் சுவர்கள், உச்சியில் ஒரு டெலிபோன் கூண்டு. ஊர்ப் பெரியவர்கள் மாலையில் நடந்து போகிற மேடு. ஆனால் ஆறேழு மணி நேரம் மிதித்த கால்களோடு, வீரர்கள் ஒரே குறுகலான திருப்பத்துக்கு முன்னால் இடம் பிடிக்க முட்டிமோதி வருகிறார்கள். மேட்டில் பத்துப் பதினைந்து விநாடி முன்னால் போனவர், கல் சுவரை உரசும் வளைவுகளில் பிரேக் பிடிக்காமல் இறங்கினால், பந்தயம் முடியும் வியா ரோமா சாலையில் தப்பிக்கலாம். பின்னால் வரும் கூட்டம் சேர்ந்து இழுத்தால் பிடித்துவிடலாம். ஓட்டி முடிக்க எளிது, வெல்ல அரிது என்று சைக்கிள் உலகத்தில் இதைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. மலைமேல் எவரையும் விட்டுவிட்டுப் போகக்கூடியவர்களும், கடைசி இருநூறு மீட்டரில் பாய்கிறவர்களும் சமவாய்ப்போடு மோதும் பந்தயம் இந்த ஒன்றுதான். போஜ்ஜோவை வழித்தடத்தில் சேர்த்தது 1960-இல், சிப்ரெஸ்ஸாவை 1982-இல். பந்தயத்தை இன்னும் கடினமாக்கச் சொல்பவர்கள் ஆண்டுதோறும் வருகிறார்கள். செய்யக்கூடாது என்பது என் கட்சி. அந்த மேடு இன்னும் ஒரு கிலோமீட்டர் நீண்டால் இந்தத் தராசு சாய்ந்துவிடும்.

லொம்பார்டியாவின் தன்மை நேர்மாறு. 1905-இல் தொடங்கியது, அக்டோபரில் நடக்கிறது, உதிரும் இலைகளின் பந்தயம் என்று பெயர். கோமோ ஏரியைச் சுற்றிய குன்றுகளில் ஏறி ஏறி இறங்குகிறவர்கள் ஒவ்வொருவராக உதிர்ந்துபோவார்கள். பெல்லாஜோவிலிருந்து மேலே ஏறினால் மடோன்னா டெல் கிசால்லோ என்ற சிறிய தேவாலயம். அந்த மாதாவை 1949-இல் போப் பன்னிரண்டாம் பத்திநாதர் சைக்கிளோட்டிகளின் பாதுகாவலியாக அறிவித்தார். உள்ளே சுவரெல்லாம் ஜெர்சிகள், கூரையை ஒட்டி வரிசையாகச் சைக்கிள்கள்: கோப்பி ஓட்டியது, பார்த்தலி ஓட்டியது, மெர்க்ஸ் ஓட்டியது. அவற்றுக்கிடையில் நெளிந்து சிதைந்த ஒன்று ஃபாபியோ கசார்த்தெல்லியுடையது. இதே கோமோ வட்டாரத்துப் பையன். 1992 ஒலிம்பிக்கில் தங்கம் வென்று, 1995-இல் பிரான்சில் ஒரு மலை இறக்கத்தில் விழுந்து இறந்தவர். பந்தயம் கடக்கும்போது இந்தக் கோயிலின் மணி அடிக்கிறது. பார்வையாளர்கள் சிலுவை போட்டுக்கொள்கிறார்கள். கோப்பி லொம்பார்டியாவை ஐந்து தடவை வென்றார். ஸ்லொவேனியாவின் டாடேய் பொகாச்சார் 2021 முதல் 2025 வரை இடைவிடாமல் ஐந்து தடவை வென்று அவரைச் சமன் செய்திருக்கிறார். மணி அவருக்கும் அதே போலத்தான் அடித்தது.

ஜிரோவின் உயரங்களைப் பற்றித் தனி நூலே எழுதலாம். ஸ்தெல்வியோ கணவாய் 2,750 மீட்டருக்கும் மேல். பிராத்தோ பக்கமிருந்து ஏறினால் 48 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வோர் ஆண்டும் வழியில் வரும் மிக உயர்ந்த இடத்துக்குச் சீமா கோப்பி, அதாவது கோப்பியின் சிகரம், என்று 1965 முதல் பெயர் வைக்கிறார்கள். மே மாதக் கடைசியிலும் அங்கே பனி கொட்டும். 1988 ஜூன் 5-ஆம் தேதி காவியா கணவாயில் கொட்டியது. ஹாலந்தின் யொஹான் வான் டெர் வெல்டே அரைக்கைச் சட்டையோடு உச்சியை முதலாகக் கடந்தார். இறக்கத்தில் குளிர் அவரை முடக்கிப்போட்டது. முக்கால் மணி நேரத்துக்கு மேல் இழந்துதான் கட்டம் முடியும் போர்மியோவுக்கு வந்தார். அமெரிக்காவின் ஆண்டி ஹாம்ஸ்டனின் குழு முன்கூட்டியே கம்பளித் தொப்பியும் தடித்த கையுறையும் சூடான டீயும் தயார் செய்து வைத்திருந்தது. ஹாம்ஸ்டன் அன்று இளஞ்சிவப்பு ஜெர்சியைப் பெற்றார், கடைசிவரை விடவில்லை. ஜிரோவை வென்ற முதல் அமெரிக்கர் அவர்.

டஸ்கனியின் ஸ்ட்ராடே பியாங்கே 2007-இல் பிறந்தது, வயதில் சிறியது. பெயருக்கு 'வெள்ளைச் சாலைகள்' என்று பொருள். திராட்சைத் தோட்டங்களுக்கு இடையில் சுண்ணாம்புக் கல் தூள் பரவிய மண் பாதைகள், கடைசியில் சியெனா நகரத்தின் செங்குத்தான கல் தெரு, சிப்பி வடிவக் காம்போ சதுக்கம். பழைய சைக்கிள்களில் பழைய சட்டையோடு ஓட்டும் லெரோயிக்கா என்ற விழா 1997-இல் அங்கே தொடங்கியபோது, தார் போட்டு மூடப்படும் மண் பாதைகளைக் காப்பதும் அதன் நோக்கமாக இருந்தது. அதிலிருந்து கிளைத்ததே இந்தப் பந்தயம். இருபதாண்டுகூட ஆகாத ஒன்றை நூற்றாண்டுப் பந்தயங்களோடு சேர்த்து வைத்துப் பேசுகிறார்கள் என்றால், அந்த வெள்ளைப் புழுதியைத் தவிர வேறு என்ன காரணம்? பெரும் பெயருக்கு நூறு வருடம் தேவையில்லை, சரியான சாலை கிடைத்தால் போதும் என்பதற்கு என் கையிலுள்ள மிக வலுவான சான்று இதுதான்.

மற்றவை பல. 1876-இல் நடந்த மிலான்–தூரின் மிகப் பழையது. 1966-இல் தொடங்கிய டிரெனோ–அட்ரியாட்டிகோ ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்கு ஓடும், வென்றவருக்குத் திரிசூலம் கொடுப்பார்கள். எமிலியாப் பந்தயம் பொலோனாவின் சான் லூக்கா குன்றில் முடிகிறது.

கறையையும் சொல்லாமல் விடக்கூடாது. 1969 ஜிரோவில் இளஞ்சிவப்பு ஜெர்சியோடிருந்த மெர்க்ஸ், சவோனாவில் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி வெளியேற்றப்பட்டார். தான் குற்றமற்றவன் என்றே சொல்லிவந்தார். 1998-இல் ஜிரோவையும் டூர் டி பிரான்சையும் ஒரே ஆண்டில் வென்ற மார்கோ பாந்தானி, அடுத்த ஆண்டு ஜிரோவில் இரண்டே கட்டங்கள் பாக்கியிருக்கும்போது மடோன்னா டி கம்பீலியோவில் ரத்தச் சோதனையில் நிறுத்தப்பட்டார். வரம்பு 50 சதவீதம், அவருடைய ரத்தச் சிவப்பணு அளவு 52. அதற்குப் பிறகு அவர் மீளவில்லை. 2004-இல் ரிமினியில் ஓட்டல் அறையில் இறந்து கிடந்தபோது வயது 34. அவரைத் தெய்வமாக்கியவர்களும் அவரைக் கைவிட்டவர்களும் ஒரே ஆட்கள்தான்.

இனி தொடக்கத்தில் விட்ட கேள்விக்கு வருவோம். இத்தாலிய ஆண்கள் ஏன் ஜெயிப்பதில்லை? ஆர்வம் வற்றிவிட்டது என்பது எளிதான பதில், ஆனால் தவறான பதில். எலிசா லொங்கோ போர்கினி பெண்கள் ஜிரோவை 2024, 2025 இரண்டு ஆண்டும் வென்றார். ஃபிலிப்போ கன்னா 2022-இல் ஒரு மணி நேரச் சாதனையை 56.792 கிலோமீட்டருக்குக் கொண்டுபோனார், சான் ரெமோவில் இரண்டு முறை இரண்டாமிடம் வந்தார். திறமை இருக்கிறது. இல்லாதது வீடு. 2016-இல் லாம்ப்ரே குழுவோடு உலக முதல் வரிசையில் இத்தாலியக் குழு என்று ஒன்றுமே இல்லாமல் போயிற்று. அதன் இடத்தில்தான் பொகாச்சார் ஓட்டும் எமிரேட்ஸ் குழு எழுந்தது. கோப்பிக்குப் பியாங்கி இருந்தது. இன்றைய இத்தாலிய இளைஞன் அந்நியக் குழுவில் அந்நியத் தலைவனுக்குத் தண்ணீர்ப் புட்டி சுமந்துதான் தொழில் கற்கிறான்.

அதற்கும் அடியில் சாலை இருக்கிறது. பந்தய நாளன்று போலீஸ் மோட்டார் சைக்கிள்கள் முன்னே போய் வழி விலக்கும். மற்ற நாளெல்லாம் வீரர் லாரிக்கும் வேனுக்கும் நடுவே பயிற்சி செய்ய வேண்டும். 51 வயது வரை தொழில்முறையில் ஓட்டிய தவீதே ரெபெல்லின், ஓய்வு பெற்ற சில வாரங்களில், 2022 நவம்பரில் சாலையில் லாரி மோதி இறந்தார். பையனைச் சைக்கிள் கிளப்பில் சேர்க்க யோசிக்கும் தாய்க்கு வேறு விளக்கம் தேவையில்லை. பெரும் பந்தயங்களை நடத்துகிறவர்கள் இதை முதல் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். வழித்தடத்தை விற்றுப் பிழைக்கிறவர்களுக்கு, அந்தச் சாலை ஆண்டு முழுவதும் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்று கேட்கும் கடமையும் உண்டு.

மார்க்கே பகுதியின் ஃபிலொத்ரானோ ஊர்க்காரர் மிக்கேலே ஸ்கர்போனி. 2011 ஜிரோ அவர் பெயரில் பதிவாகியிருக்கிறது. 2017-இல் குழுத் தலைவர் ஃபாபியோ அரூ காயப்பட்டதால், அந்த ஆண்டு ஜிரோவுக்கு அஸ்தானா குழுவை வழிநடத்தும் பொறுப்பு 37 வயதில் அவரிடம் வந்தது. ஏப்ரல் 22-ஆம் தேதி காலை, சொந்த ஊர்ச் சாலையில் பயிற்சிக்குக் கிளம்பியவரை ஒரு வேன் மோதியது. அங்கேயே இறந்தார். இரண்டு வாரம் கழித்துச் சார்தீனியாவில் நூறாவது ஜிரோ தொடங்கியது. ஒவ்வொரு குழுவிலும் ஒன்பது பேர். அவருடைய இடத்துக்கு அஸ்தானா வேறு ஆளைச் சேர்க்கவில்லை; எட்டுப் பேராகவே கிளம்பினார்கள்.